‘அருகிய’ என்ற சொல்லின் கணக்கு

2,668.

2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் மலையேறி எண்ணி முடித்த வரையாடுகளின் தொகை இது. கேரளப் பக்கம் 1,365, நம் பக்கம் 1,303. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியை விட்டால் இந்த ஆடு உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. ஆகவே இரண்டு மாநிலக் கணக்கைக் கூட்டினால் அதுவே உலகக் கணக்கு. ஓரளவு வசதியான வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு வேளைப் பந்திக்கு உட்காரும் கூட்டம்தான் மொத்த இனமும்.

இதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை வைக்கிறேன். இந்தியக் காட்டு யானைகள் 22,446. சாணத்திலிருந்து மரபணு பிரித்துப் பார்த்து 2025-இல் வெளியான மதிப்பீடு இது. சீனக் காட்டு பாண்டாக்கள் 1,864. அந்நாட்டின் நான்காவது கணக்கெடுப்பில் கிடைத்த எண்.

மூன்றில் எதன் நிலை மோசம் என்று யாரைக் கேட்டாலும் பாண்டாவைத்தான் காட்டுவார்கள். எண் சிறியது, அதுதான் காரணம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. வரையாடும் ஆசிய யானையும் அங்கே ‘அருகிய இனம்’. பாண்டாவோ 2016-இலேயே ஆபத்துக் குறைந்த அடுத்த படிக்கு வந்து ‘அழிவாய்ப்பு இனம்’ ஆகிவிட்டது. 22,446 இருக்கும் விலங்கு அருகியது, 1,864 இருக்கும் விலங்கு அதைவிடப் பரவாயில்லை. எங்கோ தவறு நேர்ந்ததுபோல் தோன்றும். தவறில்லை. ‘அருகிய’ என்ற சொல் எதை அளக்கிறது என்று தெரிந்தால் இரண்டும் சரியாகவே பொருந்தும்.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. காடும் கடலும் பற்றிப் பத்திரிகைகளுக்குப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். பழைய கட்டுரைகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். புலி, யானை, பாறு, தேவாங்கு, கடலாமை என எல்லாவற்றுக்கும் முன்னால் ‘அழிந்து வரும்’ என்ற ஒரே அடைமொழி. ஒரே விலைச்சீட்டை எல்லாப் பொருளிலும் ஒட்டினால் கடையில் என்ன ஆகும்? வாங்குபவர் சீட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். இந்தச் சொல்லுக்கும் அதுவே நடந்திருக்கிறது.

தமிழ் இதில் ஏழையல்ல

அருகுதல் நம் பழைய சொல். இலக்கணம் படித்தவர்களுக்கு ‘அருகிய வழக்கு’ தெரியும். சொல் மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது என்று அதற்குப் பொருள். பெருவழக்குக்கு எதிர்ப்பக்கம் அது. செத்துவிட்ட சொல்லை யாரும் அருகிய வழக்கு என்பதில்லை, அதை ‘வழக்கொழிந்தது’ என்போம். உயிரினத்துக்கும் இதே அளவுகோல்தான். அருகியது இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டே இருக்கிறது. அற்றுப்போனது இல்லை.

‘அரிய’ என்பதையும் ‘அருகிய’ என்பதையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். வேர் ஒன்றாக இருக்கலாம், பொருள் வேறு. ஒரே ஒரு மலைச்சரிவில் பல நூறு ஆண்டாக முந்நூறு செடியாகவே நிற்கும் ஒரு பூண்டு என்று வைத்துக்கொள்வோம். அது அரியது. ஊர் ஊராய் இருந்து இன்று முந்நூறுக்கு வந்து நின்றால் அருகியது. சிவப்புப் பட்டியலின் பழைய வகைகளில் ‘அரிய’ என்று ஒன்று தனியாகவே இருந்தது. 1994-இல் எண்களை வைத்து அளக்கும் முறை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். குறைவாக இருப்பது ஒரு செய்தி, குறைந்துகொண்டே போவது வேறு செய்தி என்ற தெளிவு அப்போதுதான் விதியாக மாறியது.

ஊர்ப்பேச்சில் இந்தப் படிகள் அச்சுமொழியைவிட ஒழுங்காக இருக்கின்றன. “முன்ன மாதிரி இல்ல” என்பது ஒரு நிலை. “அருகிப்போச்சு” அடுத்தது. “எங்கயோ ஒண்ணு ரெண்டுதான்” அதற்கும் அடுத்தது. கடைசியில் “அத்துப்போச்சு”. கிணற்று மீனோ, நாட்டு விதையோ, மரமோ, எதைப் பற்றிப் பேசினாலும் பெரியவர்கள் இந்த நான்கையும் கலக்குவதில்லை. கலக்குபவர்கள் எழுதுகிற நாம்தான்.

பட்டியலின் வகைகளுக்குத் தமிழில் புழங்கும் பெயர்களைக் கீழிருந்து மேலாகச் சொன்னால்: தீவாய்ப்புக் கவலை குறைந்தது, அச்சுறு நிலையை அண்மித்தது, அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், இயலிடத்தில் அற்றுவிட்டது, அற்றுவிட்டது. இதில் ‘அழிவாய்ப்பு’ எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வாய்ப்பு என்றாலே கிடைக்கப்போகிற நல்லது நினைவுக்கு வருகிறது. ஆனால் ‘அருகிய’, ‘மிக அருகிய’ இரண்டும் அச்சில் வார்த்தவை. ‘அழிவின் விளிம்பில்’ என்று எழுதக் கை வரும்போதெல்லாம் அது ‘மிக அருகிய’ இனத்துக்கு மட்டுமே தகும் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லின் விலை

1964-இல் தொடங்கியது சிவப்புப் பட்டியல். முதல் முப்பது ஆண்டுகள் ‘அருகிய’ என்பது அறிந்தவர்கள் கூடிச் சொன்ன முடிவு. ஒருவருக்கு அருகியது இன்னொருவருக்கு அரியதாக இருக்கும். 1991-இல் ஜார்ஜினா மேஸ், ரஸல் லாண்டே இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தச் சொல்லுக்கு எண் கட்டியது. அதன் வழியில் 1994-இல் விதிகள் வந்தன. 2001-இல் திருத்தி வெளியிட்ட விதிகள்தான் இன்றும் நடப்பில் உள்ளன.

அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய என்ற படிகளுக்கு ஐந்து வாசல்கள். ஏதாவது ஒன்றில் நுழைந்தால் போதும். ஐந்திலும் அளவு படிக்குப் படி மாறும்.

சரிவு, பத்து ஆண்டில் அல்லது மூன்று தலைமுறையில், எது நீண்டதோ அதில்: 30% என்றால் அழிவாய்ப்பு, 50% என்றால் அருகிய, 80% என்றால் மிக அருகிய.

முதிர்ந்தவற்றின் எண்ணிக்கை, கூடவே தொடர்ந்த குறைவும் இருந்தால்: 10,000-க்குக் கீழ், 2,500-க்குக் கீழ், 250-க்குக் கீழ்.

குறைவே இல்லாவிட்டாலும், எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து: 1,000-க்குக் கீழ், 250-க்குக் கீழ், 50-க்குக் கீழ்.

பரவியிருக்கும் பரப்பு: 20,000, 5,000, 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழ். இதற்கு வாழிடம் துண்டுபடுதல் போன்ற துணை நிபந்தனைகள் உண்டு. ஐந்தாவது வாசல் நிகழ்தகவுக் கணக்கு. இருபது ஆண்டில் அல்லது ஐந்து தலைமுறையில் அற்றுப்போகும் சாத்தியம் 20% இருந்தால் அருகியது.

யானை உள்ளே வந்தது முதல் வாசல் வழியாக. யானைக்கு ஒரு தலைமுறை 20 முதல் 25 ஆண்டு. மூன்று தலைமுறை என்றால் 60 முதல் 75 ஆண்டு. அந்தக் காலத்தில் ஆசியா முழுவதும் யானைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்பதே அதன் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. இங்கே 22,446 என்ற எண்ணை யாரும் கேட்கவே இல்லை. கேட்டது எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்பதை மட்டும். கடையில் பத்து லட்சம் முதல் போட்டிருந்தவர் ஐந்து லட்சத்துக்கு வந்துவிட்டார். நூறு ரூபாயோடு தொடங்கியவர் நூறு ரூபாயோடு நிற்கிறார். கணக்குப்பிள்ளை முதலில் யார் பேரேட்டைத் திறப்பார்? பாண்டாவின் எண் சிறியது, ஆனால் சரிவது நின்று ஏறத் தொடங்கியது. அதனால்தான் படி மாறியது.

‘முதிர்ந்தவை’ என்ற சொல்லிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்ணில் பட்ட தலை எல்லாம் கணக்கில் வராது. இனம் பெருக்கக் கூடியவை மட்டும் வரும். குட்டி வராது, ஒரு வயதுப் பிள்ளை வராது. வரையாட்டின் 2,668-ஐப் பார்த்துவிட்டு 2,500-ஐத் தாண்டிவிட்டதே என்று நிம்மதி கொள்ள முடியாதது இதனால்தான். நூற்றுக்கு 60 முதிர்ந்தவை என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மிஞ்சுவது 1,600.

செந்நாய்க்குச் சங்கம் தரும் எண்ணைப் பாருங்கள்: முதிர்ந்தவை 949 முதல் 2,215 வரை. இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பரந்த ஆசியக் காடுகள் முழுவதற்கும் இவ்வளவுதான். முதுமலையிலோ ஆனைமலையிலோ ஒரு கூட்டம் சாலையைக் கடந்தால் எங்கும் இருக்கும் காட்டுநாய்தானே என்று வண்டியை எடுத்துவிடுகிறோம். புலியைப் போலவே அதுவும் அருகிய இனம். புலிக்கு 2006-இல் இந்தியாவில் 1,411, 2022-இல் 3,682 என்று நாடே எண் சொல்லும். செந்நாய்க்கு அப்படி ஒரு எண்ணை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

மயில் கேட்ட கேள்வி

கொங்குப் பக்கம் ஒரு சோளக்காட்டு வரப்பில் காலையில் நின்றிருந்தேன். காட்டுக்காரர் எழுபதைத் தொட்டவர். கையில் ஒரு தகர டப்பா, தட்டி விரட்ட.

“ஏனுங் தம்பி, மயிலு அழியற பறவைன்னு நீங்கதான பேப்பர்ல எழுதறீங்க? இங்க எண்ணிப் பாருங்க. வெடிஞ்சா முப்பதுக்குக் கொறையறதில்லீங்.”

எண்ணினேன். கண்ணுக்கு எட்டியவரை 34. கதிரின் அடியில் உதிர்ந்த மணி, மிதிபட்ட தட்டை, ஈர மண்ணில் மூன்று விரல் தடம். அவர் சொன்னதில் பிழையே இல்லை. “அழியற பறவை இல்லீங்க ஐயா. சட்டத்துல காப்பு இருக்கற பறவை” என்றேன். “அப்ப அதையே எழுதுங்களேன்” என்றார்.

அவர் சொன்ன வேறுபாட்டை நான் எழுதத் தவறியிருந்தேன். மயில் சிவப்புப் பட்டியலில் ‘கவலை குறைந்த’ இனம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலோ அது முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கிறது. 1963-இலிருந்து தேசியப் பறவையும் ஆயிற்றே. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகும். அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாது. அந்தத் தண்டனைக்கும் ‘அருகிய’ என்ற சொல்லுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அட்டவணை நாடாளுமன்றம் எழுதியது, பட்டியல் அறிஞர்கள் எழுதுவது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகும், மயில் போன்ற இடங்களில் போகாது. இரண்டையும் ஒன்றாக்கி ‘அழிந்து வரும் மயில்’ என்று எழுதும்போது, நெல்லும் சோளமும் இழந்து நிற்பவர் மற்ற எந்த விலங்கைப் பற்றி நாம் சொல்வதையும் நம்ப மாட்டார். பாறு பற்றிச் சொன்னாலும் நம்ப மாட்டார். அந்த நம்பிக்கையின் விலையை ரூபாயில் எழுத எனக்குத் தெரியவில்லை, ஆனால் அது பெரிய தொகை.

பெயரிலேயே இந்தக் குழப்பத்தைச் சுமப்பது ஒரு பன்னாட்டு ஒப்பந்தம். 1973 மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தானது சைட்டீஸ். அருகிவரும் காட்டு விலங்குகள், செடிகளின் பன்னாட்டு வணிகம் பற்றியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதன் இணைப்புகளில் 40,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டாம் இணைப்பில் இருப்பவை, அதாவது இப்போதைக்கு அற்றுப்போகும் அபாயம் இல்லாவிட்டாலும் வணிகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்த நிலைக்கு வரக்கூடியவை. சைட்டீஸில் இருக்கிறது என்பதாலேயே ஒன்றை அருகியது என்று எழுதிவிட முடியாது.

தலைப்புச் செய்திகளில் வரும் பெரிய எண்ணும் இப்படித்தான். 2025 அக்டோபர் நிலவரப்படி சிவப்புப் பட்டியல் மதிப்பிட்டவை 1,72,620 இனங்கள். அச்சுறுத்தலில் உள்ளவை 48,646. நூற்றுக்கு 28. இது அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய என்ற மூன்று படிகளின் கூட்டுத்தொகை. இதை அப்படியே ‘48,646 அருகிய இனங்கள்’ என்று எழுதினால் நடுப்படியின் பெயரை மூன்றுக்கும் சூட்டியதாகும். மூன்றுக்கும் சேர்த்து ‘அச்சுறுத்தலில் உள்ளவை’ என்று நேராகவே சொல்லலாமே. இன்னொன்று, அறிவியல் இதுவரை பெயரிட்ட இனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். மதிப்பிட்டது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பூச்சிகளிலும் காளான்களிலும் பெரும்பாலானவற்றின் பேரேட்டை யாரும் திறக்கவே இல்லை.

படிகளில் நிற்காமல் விழுந்தது

பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று எழுதுகிறோம், பாறு என்பதே அழகான பெயர். வெண்முதுகுப் பாறு 1980-களில் உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளில் எண்ணிக்கை மிகுந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே அதன் சரிவு 99.9%. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. 2000-இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அழிவாய்ப்பு, அருகிய என்ற இரண்டு படிகளிலும் அது நிற்கவே இல்லை. நேரே மிக அருகிய படிக்கே போனது.

காரணம் தெரிந்தது 2004-இல். மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்தது. எல்லாப் பிணத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. 130 முதல் 760 பிணங்களில் ஒன்றில் உயிர்கொல்லும் அளவு இருந்தாலே இப்படிப்பட்ட சரிவு வரும் என்று கணக்குக் காட்டியது. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், இனம் பெருக்கவும் சுமார் ஐந்து வயதாகும். வரவு அவ்வளவு மெதுவாக இருக்கும் பேரேட்டில் சிறு செலவுகூடத் தாங்காது.

2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் மருந்துக்கடையில் இருந்தன, அவை மாட்டுக்குப் போயின. 2015-இல் மனிதருக்கான குப்பியை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். ஒரு மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டும் என்றால் செலவு கட்டுப்படியாகாது என்பதே அந்த 3 மில்லியின் கணக்கு. 2023-இல் அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்தது. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்ஸிகாம் கையில் இருக்கிறது.

இழப்பை மனிதர் பக்கத்திலும் கணக்கிட்டவர்கள் உண்டு. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு இது: பாறு மறைந்த மாவட்டங்களில் அழுகிய பிணங்களாலும் கெட்ட நீராலும் 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 69.4 பில்லியன் டாலர் இழப்பு. சரிவு தொடங்கி ‘மிக அருகிய’ என்ற சொல் வர எட்டு ஆண்டு, சொல் வந்து காரணம் தெரிய நான்கு ஆண்டு, காரணம் தெரிந்து தடை வர இரண்டு ஆண்டு. இந்தப் பதினான்கு ஆண்டுக்கான வட்டியைக் கட்டியவர்கள் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டே இராதவர்கள்.

மாயாறு பள்ளத்தாக்கைச் சுற்றித் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணிய பாறுகள் 2023 பிப்ரவரியில் 246, அதே ஆண்டு கடைசியில் 320, அடுத்த கணக்கெடுப்பில் 390. ஏறுமுகம்தான். ஆனாலும் அங்குள்ள நான்கு வகைப் பாறுகளும் சேர்ந்த தொகை இது. அவற்றில் மஞ்சள்முகப் பாறு அருகிய இனம், மற்ற மூன்றும் இன்னமும் மிக அருகிய படியில்.

106 ரூபாய்

வரையாட்டுக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்று வரும். 1975-இல் இதை முறையாகத் தேடி ஆராய்ந்தவர் இ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாட்டு நாள் என்று அரசு அறிவித்தது. வரையாட்டுக்கென அரசு வகுத்த திட்டம் ஐந்து ஆண்டுக்கு, 2022 முதல் 2027 வரை. ஒதுக்கீடு 25.14 கோடி ரூபாய்.

வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் எண்ணிய 1,303 ஆடுகளுக்கு, ஒரு தலைக்கு 1,92,939 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 38,588. நாளுக்கு 106. ஊர்ப்பக்கம் ஒரு நல்ல ஓட்டலின் மதியச் சாப்பாட்டு விலை. ஆட்டுக்கு யாரும் தீனி வைக்கவில்லை என்பது வேறு. இந்தப் பணம் கணக்கெடுப்புக்கும், கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்வதற்கும், ஆடு இருந்து மறைந்த மலைகளில் மறுபடி விடுவதற்கும், மேல்பவானிப் பக்கம் சோலையும் புல்வெளியும் மீட்பதற்கும். புல்வெளி மீட்பதென்றால் முதல் வேலை சீகை மரத்தை எடுப்பது. முன்னோர் புல்மேட்டை வெற்றிடம் என்று நினைத்துச் சீகையும் தைலமும் பைனும் நட்டதற்கு இப்போது நாம் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கை 2024-இல் 1,031. 2025-இல் 1,303. கூடியது 272, அதாவது 26%. மகிழ்ச்சிதான். ஆனால் எண்ணிய இடங்களும் 140-லிருந்து 177-ஆகக் கூடின. 26-இல் எத்தனை புதிய குட்டி, எத்தனை புதிதாகப் போய்ப் பார்த்த பாறை என்று பிரிக்காமல் ‘வரையாடு பெருகியது’ என்று தலைப்பிட மாட்டேன். 2015-இல் ஓர் அமைப்பு தந்த 3,122-ஐ 2,668-க்குப் பக்கத்தில் வைத்து ‘வரையாடு குறைந்தது’ என்றும் எழுத மாட்டேன். எண்ணிய முறை வேறு, எண்ணியவர்கள் வேறு. ஒரே தராசில் நிறுத்தாத இரண்டு மூட்டைகளை ஒப்பிடும் வியாபாரி சந்தையில் இல்லை.

படியை விட்டு இறங்குவதும் உண்டு. பேராமை 1980-களிலிருந்து ‘அருகிய’ இனமாக இருந்தது. 2025 அக்டோபரில் அபுதாபி மாநாட்டில் அதை ஒரேயடியாகக் ‘கவலை குறைந்த’ இனமாக அறிவித்தார்கள். 1970-களோடு ஒப்பிட உலக அளவில் ஏறத்தாழ 28% கூடியிருக்கிறது. முட்டை எடுப்பதைத் தடுத்தார்கள், கரையைக் காத்தார்கள், வலையில் தப்பும் வழி வைத்தார்கள். இது உலகச் சராசரி. சில கடல்களில் பேராமைக் கூட்டங்கள் இன்னும் இறக்கத்தில்தான் உள்ளன. கடற்பசு எனப்படும் ஆவுளியாவுக்குக் கதை தலைகீழ். உலகக் கணக்கில் அது ‘அழிவாய்ப்பு’ மட்டுமே. ஆஸ்திரேலியக் கடலில் பெருங்கூட்டம் இருக்கிறது. இந்தியக் கடல் முழுவதிலும் இருப்பதோ சில நூறு. அதில் மிச்சமிருக்கும் முக்கியமான இடம் என்பதால்தான் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் காப்பகம் ஆக்கினார்கள். மனோராவிலோ மல்லிப்பட்டினத்திலோ வலை வீசுபவர் ‘ஆவுளியா அருகிப்போச்சு’ என்று சொன்னால், அவர் கடலுக்கு அந்தச் சொல் சரி. உலகப் படியை வைத்து அவரைத் திருத்தக் கூடாது. எந்த எல்லைக்குள் என்று சேர்த்து எழுதினால் போதும்.

2025 சனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அதுவும் ‘அழிவாய்ப்பு’ படிதான். கீழ்ப்படிச் சொல் என்பதால் அந்தக் காட்சியின் கனம் குறைந்துவிடவில்லை. மேற்படிச் சொல்லைக் கடன் வாங்கிப் போட வேண்டிய தேவையும் இல்லை. ஆயிரம் என்ற எண்ணே போதுமான சத்தத்தோடு இருந்தது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆம் வளைவில் பாறை விளிம்புக்கே வரையாடுகள் இறங்கி வரும். போன முறை ஏறும்போது ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு நின்றேன், கணக்கெடுப்புத் தாளில் இருக்கும் அதே பத்திகள். பெட்டை 7. முதுகில் வெள்ளைச் சேணம் போட்டதுபோல் நரைத்த கிடா 1. இளங்கிடா 2. ஒரு வயதுப் பிள்ளை 3. குட்டி 4. மொத்தம் 17. பட்டியலின் கணக்குக்கு வரக்கூடியவை 8.

கீழிருந்து தேயிலை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்தது. ஆடுகள் ஒரே பாய்ச்சலில் பாறையின் மறுபுறம் போய் மீண்டும் வந்தன. திரும்ப எண்ணினேன், 16. இன்னொரு தரம், 16. குட்டிப் பத்தியில்தான் ஒன்று குறைந்தது. பனி ஏறத் தொடங்கியிருந்தது. உடன் வந்தவர் கிளம்பலாமா என்று கேட்டார், இருங்க என்றேன். கால்மணி நேரம் கழித்து, படுத்திருந்த பெட்டை ஒன்று எழுந்தது. அதன் வயிற்றுக்கு அந்தப் பக்கம் குட்டி நின்றுகொண்டிருந்தது. 16-ஐ அடித்துவிட்டு 17 என்று எழுதினேன்.